காந்தத்தின் சட்டை

பீங்கான் கிண்ணத்தின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் உப்பை உடைந்த ஸ்கேல் துண்டால் சுரண்டுவார் எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர். கடைசிப் பொடியை விரல் நுனியால் ஒற்றியெடுத்துப் புட்டியில் போட்ட பிறகுதான் நிமிர்வார். மணலோடு கலந்து, நீரில் கரைந்து, வடிந்து, காய்ந்து திரும்பிவந்த அதே உப்பு. "பதினோரு வருசமா ஆறாங்கிளாஸ்லயே இருக்கு டீச்சர், இன்னும் பாஸாகல" என்பார்.

எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர். சட்டைப் பையில் எப்போதும் வடிதாள் இருப்பதால் பிள்ளைகளுக்கு அவர் 'வடிதாள் அண்ணன்'. என்னைவிடப் பத்து வயது இளையவர். அடுப்பை அணைத்தபின் மூன்று முறை திரும்பிவந்து பார்ப்பார். வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் மனைவி என்னிடம் புலம்பியிருக்கிறார். காந்தத்தை யாருக்கும் வெறுமனே தரமாட்டார். காகிதம் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் தருவார். அதற்குச் 'சட்டை' என்று பெயர். இரும்புத்தூள் சட்டையின் மேல்தான் ஒட்டும். கழற்றினால் தானாக உதிர்ந்துவிடும்.

கணக்கு டீச்சரான எனக்கு இது எங்கே தெரியும்? அறிவியலும் என் தலையில் விழுந்த வருடம், என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏதோ அழுக்குக் காகிதம் என்று சட்டையை உரித்தெறிந்துவிட்டுக் காந்தத்தைக் கலவைக்குள் விட்டேன். இரும்புத்தூள் தாடி மாதிரி அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்க விரல் கறுத்ததுதான் மிச்சம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பேப்பர் சுத்த மறந்துட்டேன் சார். தப்பு என்னோடது" என்று வடிதாள் அண்ணன் ஓடிவந்து அதிகாரியின் முன் நின்றார். சட்டை போட்ட இன்னொரு காந்தம் என் கைக்கு வந்தது. பாடம் ஒருவழியாகக் கரையேறியது.

மறுநாளே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் நிரந்தர ஆணை அப்போது வந்திருக்கவில்லை. தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆய்வகத்துக்கு ஓடினேன்.

"என் வேலை அடியில தங்கின மணல் டீச்சர், ஒரு லெட்டருக்கெல்லாம் அசையாது. உங்களுது இன்னும் கரைசலா இருக்கு. பேசாம இருங்க."

இருந்துவிட்டேன். வெட்கம்தான். ஆனால் இன்று என் வீட்டில் உலை கொதிப்பது அவர் புண்ணியத்தில். அதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அன்று அவர் அந்த எச்சரிக்கைக் கடிதத்தை விரலால் தடவிப் பார்த்தார், நல்ல தடிமன். நீளவாக்கில் மடித்து, தூளெல்லாம் துடைத்து வைத்திருந்த அந்தக் காந்தத்தின் மேல் சுற்றி, ரப்பர் பேண்டை இந்த முறை இரண்டு சுற்றுப் போட்டு என்னிடம் நீட்டினார்.