மறைவு: ஞாயிறு மாலை ஐந்து மணி

நகைச்சுவை எழுதுவது என்பது, ஆளில்லாத அறையில் உட்கார்ந்து ஜோக் சொல்லிவிட்டு, யாராவது சிரித்தார்களா என்று தெரியாமலே படுத்துத் தூங்கும் தொழில். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக நோயாளிகளே, இது உங்களுக்குப் புதிதல்ல. எனக்கு நோய் கொஞ்சம் முற்றிய கேஸ். செம்பூரில் ஒற்றை அறை, கல்யாணம் ஆகவில்லை, உதிரிபாகக் கம்பெனி வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் எழுதியதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட்டேன். ஊரே படிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. செல்லதுரை ஒருத்தன் வந்து வாங்கிப் படித்தால் போதும் என்றிருந்தது.

பெண்ணைக் காட்டுங்கள்

செல்லதுரையும் நானும் தாராவியில் ஒரே அறையில் எட்டு வருஷம் இருந்தோம். எதை எழுதினாலும் முதலில் அவனுக்குத்தான் படித்துக் காட்டுவேன். தொடையைத் தட்டிச் சிரித்தால் பத்திரிகைக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். அந்தக் காலத்தில் அவன் தன் மாமாவோடு பாண்டுப்புக்குப் பெண் பார்க்கப் போனான். கட்டடம் மாறி, குழந்தைக்குப் பேர் வைக்கிற வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. “நேரமாவுது, பொண்ணக் காட்டுங்க” என்றிருக்கிறான். பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள்.

இதைப் பல வருஷம் கழித்து, அவன் பெயரையே போட்டு, எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் எழுதிவிட்டேன். அதற்குள் அவன் உல்லாஸ்நகரில் கடை வைத்து, மகளுக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தான். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அந்த மலரைக் கையோடு கொண்டுவந்து, சபையில் சத்தமாகப் படித்துச் சிரித்தார்களாம். மறுநாள் எனக்குப் போன் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கடைசியாகப் பேசியது இதுதான்: “இனிமே என்னப் பத்தி ஒன்னால எழுத முடியாதுல. நான் எதயும் சொன்னாத்தான நீ எழுதுவ?”

மாட்டுங்காவில் காவல்

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் தமிழ் வாரப் பத்திரிகைகள் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நல்ல மனிதர். முன்வரிசையிலேயே என் புத்தகத்துக்கு இடம் கொடுத்தார். நான் தினமும் சாயங்காலம் ரயிலேறிப் போய், யாரோ வாசகன் மாதிரி நின்று, என் புத்தகத்தையே எடுத்துப் புரட்டி, போகிறவர்கள் காதில் விழும்படி சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும், இங்கே நாலு முகமாவது தெரிகிறதே என்பதும் ஒரு காரணம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்கோ. நீங்க தனியா நின்னுண்டு சிரிச்சிண்டிருக்கறதைப் பாத்து, வரவா எல்லாரும் பயந்துண்டு அந்தப் பக்கமா போயிடறா.”

கையில் பேனா

சரி, சொந்தப் பேட்டைக்கே போவோம் என்று தாராவிக்குப் போனேன். பழைய தெருமுனையில் டீக்கடை மேஜை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, புத்தகங்களை அடுக்கி, ‘ஆசிரியர் கையெழுத்துடன்’ என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் வரிசை நின்றது. பேனா மூடியைக் கழற்றினேன். வரிசையில் முதலில் நின்ற அக்கா பையிலிருந்து ஒரு பேங்க் பாரத்தை எடுத்து நீட்டி, “இதக் கொஞ்சம் எழுதித் தாங்கண்ணே” என்றார்.

பின்னால் நின்றவர்கள் கையிலும் பாரம்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று, விதவைப் பென்ஷனுக்கு ஒன்று. மத்தியானம் வரை எழுதினேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த அக்கா மட்டும் போகும்போது என் புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வைத்தார்: “இம்புட்டும் நீங்க எழுதுனதா? அப்பம் என் பாரத்துல தப்பு இருக்காது.”

பேனர்

கடைசியில் சங்கச் செயலாளர் ஞானராஜ், “சும்மா அலையாதிய அண்ணே, சயான்ல ஒரு ஹால் புடிச்சு முறையா வெளியிட்டுருவோம்” என்றார். செல்லதுரைக்கு நானே வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்துப் பார்த்தேன். அவன் திறக்கவே இல்லை.

பேனர் அடிக்கிற கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. அவரிடம் தமிழில் இருந்த ஒரே மாதிரிப் படிவம், போன மாதம் யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி. அதில் இருந்தவர் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை வைத்தார். சுற்றிலும் இருந்த மாலையும், கீழே எரிந்த குத்துவிளக்கும் அழகாக இருக்கவே விட்டுவிட்டார். ‘நூல் வெளியீடு’ என்பதை அடியில் பொடி எழுத்தில் போட்டார். ‘மறைவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலியிடம் இருந்ததால், நாங்கள் கொடுத்த நேரத்தை அங்கே போட்டார்: ஞாயிறு மாலை ஐந்து மணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தாராவி முனையில் தொங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கட்டிய பையன் ஏணியோடு போய்விட்டதால் இறக்கவும் வழியில்லை. ஞானராஜ் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைத் தேற்றும் விதமாகச் சொன்னார்: “டைம் மட்டும் கரெக்டா போட்டுட்டான், அண்ணே.”

நிறைந்த சபை

பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்த ஹாலில் உட்கார இடமில்லை. இளவட்டங்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. படத்தையும் விளக்கையும் பார்த்துப் போட்டோ எடுத்து, ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், பழைய தெருக்காரர்கள், எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றவன் நான்தான். ஒருவர் கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

எழுதியதிலேயே சிரிப்பான பகுதியை எடுத்து வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. துக்கத்துக்கு என்று வைத்துக்கொண்டு வந்த முகத்தைச் சட்டென்று மாற்ற முடியாது, பாவம். மேடையிலிருந்து பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஒருத்தர்கூட என் கதவைத் தட்டியதில்லை. அழுகை வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். பழைய பக்கத்து வீட்டு அம்மா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மனசாரச் சொன்னார்: “அடுத்த தடவ தப்பில்லாம சொல்லி அனுப்புங்க தம்பி, கண்டிப்பா வந்துருவோம்.”

கடைசி வாசகன்

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செல்லதுரை நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ரோஜா மாலை. அழுது முகம் வீங்கியிருந்தது.

“சாகலையால?”

“இல்லடே. பேனர்காரன் தப்பு.”

“எம் பொண்ணு போட்டோவக் காட்டி, ஒங்க பிரெண்டு போயிட்டாருங்கா. தண்டவாள வேலைன்னு மெகா பிளாக் போட்டு ட்ரெயின் இல்லாம, தாணே வரைக்கும் பஸ்ல நின்னே வந்திருக்கேன். சொல்லித் தொலைக்க மாட்டியா?”

திட்டிக்கொண்டே உட்கார்ந்தான். மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். புத்தகத்தைக் கொடுத்தேன். எச்சில் தொட்டு முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனான். எதையும் படிக்கவில்லை, எதையோ தேடினான். கடைசி அட்டை வந்ததும் மறுபடி முதலிலிருந்து தள்ளினான்.

“அந்த பாண்டுப் மேட்டர் எங்க?”

“போடலடே” என்றேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். அவன் மனசு நோகக் கூடாது என்று அதை மட்டும் எடுத்துவிட்டிருந்தேன். அவன் பெயர் வருகிற எல்லா இடத்தையும் எடுத்துவிட்டிருந்தேன். அதைச் சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைத்து, அதையும் சொன்னேன்.

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தான். எழுந்து செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டான்: “பன்னெண்டு வருசம் ஒன்ட்ட பேசாமக் கெடந்திருக்கேன். எனக்கு ஒரு பக்கங்கூடயால இல்ல?”

ஆகவே சக நோயாளிகளே, நண்பனைப் பற்றி எழுதினால் போனை வைத்துவிடுவான், எழுதாமல் விட்டால் மாலையை வைத்துவிட்டுப் போய்விடுவான், இரண்டுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்து பிழைப்பதற்குத்தான் நகைச்சுவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.