கரி வண்டியில் வந்த மாப்பிள்ளை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் இதோடு மூடி வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அந்தக் கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். என்ன, நான் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தேன்.

என் பெயர் ஹபீபுர் ரஹ்மான். சிந்தாதிரிப்பேட்டையில் தோல் பெட்டி தைக்கும் கடை. அடுத்த வீட்டு பீர் முஹம்மது என் சினேகிதன். வாய் ஓயாதவன். தூக்கத்தில்கூடப் பேசுவான் என்று அவன் அம்மா ஜைதூன் பீ சொல்வார். 1943 டிசம்பரில், பக்ரீத் கழிந்த வாரம், அவனுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். பெண் மயிலாப்பூர் அப்துல் வஹீதின் மகள் ஷாகிரா. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டும் கடைசி நேரத்தில் முறிந்திருந்தன. இதுவும் தவறினால் முஹர்ரம் பிறந்துவிடும். அப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீடுகளில் கல்யாணம் கிடையாது. அதற்குள் ஊர் வாய் அந்தப் பெண்ணை ராசியில்லாதவள் ஆக்கிவிடும். இது பீருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும், நிக்காஹுக்கு முந்தின நாள் வேடந்தாங்கல் போய்ப் பறவை பார்க்கலாம் என்றான். அப்புறம் யார் விடுவார்கள் என்றான். எங்கள் சினேகிதன் கருணாகரனிடம் ஒரு பழைய கார் இருந்தது. யுத்த காலம், பெட்ரோல் ரேஷன். அதனால் காரின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உலை கட்டியிருந்தான். மேல் மூடியைத் திறந்து அடுப்புக்கரி கொட்டவேண்டும். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்தால், கரியிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடினால் நம் பாக்கியம்.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏரிக்குள் நின்ற மரமெல்லாம் பறவையால் வெளுத்திருந்தது. பீர் ஒவ்வொரு கொக்குக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டான். திரும்பும்போதுதான் வினை. செங்கல்பட்டில் டயர் போனது. தாம்பரத்தில் மழை பிடித்து, கரி மூட்டை நனைந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் மிலிட்டரி லாரிகள் வரிசையாக நிற்க, போலீஸ்காரர் எங்களை அடையாறு வழியாகத் திருப்பிவிட்டார்.

கிண்டிக் காட்டை ஒட்டிய சாலை. மாலை ஆறு மணி இருக்கும். வண்டி இருமியது. நின்றுவிட்டது.

"இன்னாடா கருணா?" என்றான் பீர்.

"கரி தீந்துபோச்சு நைனா. மிச்சம் கீறது ஈரக் கரி. நல்லா காத்தடிச்சாதான் பிடிக்கும்."

"நா போடறேன். ஹபீப் சுத்தினா என் நிக்காஹ் அடுத்த வருசம்தான். காலைல எப்டியும் நா அங்க போயாவணும்டா. அந்தப் பொண்ணு மூணாந்தபாவும் அழக் கூடாது."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.

மழைக்காக நாங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். உலையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. டங்...

பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடி சுற்றும் சத்தம். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... ஒரே சீராக.

கரி வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். நின்று, திட்டி, கை மாற்றித்தான் சுற்ற முடியும். இது நிற்கவேயில்லை. பத்து நிமிஷமாவது இருக்கும். திட்டும் இல்லை.

"கல்யாண முறுக்கு" என்றான் கருணாகரன். ஆனால் சிரிக்கவில்லை.

எஞ்சின் பிடித்தது. பின் கதவு திறந்து மூடியது. சீட் அழுந்தியது.

"போலாம்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் குரல்தான்.

தெருவிளக்குக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டிருந்த காலம். திரும்பிப் பார்த்தால் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடையாற்றுப் பாலத்தருகே வண்டி மறுபடி இருமியது. யாரும் சொல்லாமலே இறங்கினான். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கொதிக்கிற மூடி அது. சாக்குத் துணி இல்லாமல் தொட முடியாது.

வெறும் கையால் தூக்கினான்.

கையை உதறக்கூட இல்லை.

வீட்டு வாசலில் ஜைதூன் பீ அரிக்கேன் விளக்கோடு நின்றார். "எங்கடா போய்க் கீற இவ்ளோ நேரம்?" என்றார். அவன் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டான். காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நான் தொப்பலாக நனைந்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகைப் பார்த்தேன். சட்டை காய்ந்திருந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி எனக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் போனேன். படுத்தேன். தூங்கினேன்கூட.

காலையில் அவன் கதவைத் திறந்தபோது சேஹ்ராவைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். சேஹ்ரா என்றால் மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து முகத்தை மறைத்துத் தொங்கும் மல்லிகைச் சரம். அதை அக்காள் சகினாதான் கட்டவேண்டும். "எம் பாத்யதைய எடுத்துட்டியேடா" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரமாகிவிட்டது. யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு நிக்காஹ். சாட்சி இரண்டு பேர். ஒருவன் நான். அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகை வாசனைக்குள்ளிருந்து கரி நாற்றம் வந்தது.

நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத், சம்மதமா என்று கேட்டார்.

"கபூல்."

மறுபடி கேட்டார்.

"கபூல்."

மூன்றாம் தடவை நான் பூச்சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கு நேரே தொங்கிய சரம். பேசினால் மூச்சில் ஆடவேண்டும்.

"கபூல்."

ஆடவில்லை.

எல்லோரும் துஆ ஓதினார்கள். நானும் கை ஏந்தினேன். பெண் வீட்டு உள்கட்டுக்கு அவனை அழைத்துப்போனார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. சிந்தாதிரிப்பேட்டைக்கு வைக்கோல் போடும் வெள்ளைச்சாமி. வண்டியில் பாய். பாய்க்கு வெளியே இரண்டு கால்.

"கிண்டி ரோட்டோரம் பள்ளத்துல கெடந்தாரு பாய். பீர் பாய்னு தெரிஞ்சுபோச்சு. பேட்டைக்கு இட்டுக்கினு போனேன், எல்லாரும் இங்க கீறாங்கன்னு சொன்னாங்க. கண்ணு ரெண்டும் தொறந்து கெடந்துது. காலைல பத்தரை மணி ரயிலு ஊதிக்கினு போச்சு, அப்போ நாந்தான் கையால மூடிவுட்டேன்."

பாயை விலக்கினேன்.

அவன்தான்.

உள்ளே ஓடினோம். மாப்பிள்ளைக்கு ஒழித்துவிட்ட அறையில் சேஹ்ரா மட்டும் கட்டில் மேல் கிடந்தது.

டாக்டர் பார்த்தார். உலை மூடியைத் திறந்து முகத்தை நீட்டினால், அந்த வாயு இரண்டு மூச்சு போதுமாம். நேற்று மாலையே முடிந்துவிட்டது என்றார். ஜைதூன் பீ அழவில்லை. "காலைல எம் பக்கத்துலதானேடா வந்தே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடக்கம் முடிந்ததும் ஹஜ்ரத் சாட்சிகளைக் கூப்பிட்டார். அப்துல் வஹீத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெரியாது என்று சொன்னால் அவர் மகளுக்கு மூன்றாவது சம்பந்தமும் முறிந்ததாகும். ஆம் என்றால் அவள் விதவை.

"கபூல் சொன்னது யார்?"

"பீர் முஹம்மது" என்றேன்.

"அல்லா மேல ஆணையா?"

"ஆணையா."

இன்னொரு சாட்சியும் அதையே சொன்னார். ஹஜ்ரத் "இது எனக்கு மேலான சங்கதி" என்று எழுந்து போய்விட்டார். திரைக்குப் பின்னால் வளையல் உடைபடும் சத்தம் கேட்டது. ஷாகிரா தானாகவே, விதவைக்குரிய இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டாள், நான்கு மாதம் பத்து நாள், வெளியே தலை காட்டாமல். யாரும் அவளை ராசியில்லாதவள் என்று சொல்லவில்லை. சொல்லப் பயந்தார்கள்.

நான் அறிந்தது இவ்வளவுதான். மீதியை அவள் இத்தா முடிந்தபின் என் மனைவி நஸ்ருன்னிசாவிடம் சொன்னாள்.

நிக்காஹ் ஆனதும் உள்கட்டில் ஒரு சடங்கு உண்டு. இருவர் தலைக்கும் சேர்த்து ஒரு துணியைப் போர்த்தி, நடுவில் கண்ணாடி வைப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்தக் கண்ணாடியில்தான். அவள் ஒருத்திக்காக மட்டும் அவன் பூச்சரத்தை விலக்கியிருக்கிறான். அப்போது மணி பத்தரை.

"மொகம் நல்லாத்தான் இருந்திச்சு அக்கா. இமைக்காம என்னையே பாத்துக்கினு இருந்தாரு. பாத்துக்கினு இருக்கும்போதே கண்ணு ரெண்டும் மெள்ள மூடிக்கிச்சு... வெக்கப்படறாருன்னு நெனச்சேன்."