கழுவக் கூடாத பாட்டில்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'பாட்டில்' என்றுதான் பெயர். இருபத்தாறு வருஷமாக ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புகிறவர். வீட்டில் தண்ணீர் குடிக்கிற டம்ளரைக்கூட மூன்று தடவை அலசுவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் ஆறு இரண்டு நாட்டுக்கும் எல்லை. இரு கரையும் அதைத்தான் குடிக்கிறது. அதனால் ஓர் ஒப்பந்தம்: மாதம் ஒருமுறை இரண்டு படகும் நடு ஆற்றில் சந்திக்கும். ஒரே வாளியில் மொண்டு, ஆளுக்குப் பாதி கொண்டுபோய் அவரவர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். எங்கள் படகை ஓட்டுவது நான்.

ஒரு மாதம் அவர்கள் கணக்கில் ஈயம் எங்களுடையதைப் போல நாலு மடங்கு வந்தது. "நம்ம கரையில இருக்குற பேட்டரி ஃபேக்டரிய மூட வைக்கப் பொய் சொல்றாங்க" என்று எங்கள் ஆபீஸ் டைரக்டர் எகிறிக் குதித்தார். ஒப்பந்தமே முறிந்துவிடும் போலிருந்தது. அந்த ஃபேக்டரியில்தான் அத்தானின் மருமகனுக்கு வேலை.

படகைக் கட்டும்போது அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"தப்பு என்னோடதுடா. ஈயம் பாக்குற பாட்டில்ல முன்னாடியே ஆசிட் விட்டிருக்கும். அத மட்டும் அலசக் கூடாது. பழக்க தோஷத்துல அலசித் தொலைச்சுட்டேன். ஆசிட் இல்லன்னா ஈயம் பாட்டில்லயே ஒட்டிக்கும், கணக்குல வராது."

"யாருக்கு அத்தான் தெரியப்போகுது? வாயத் தொறக்காதீங்க. பொண்ணு குடும்பத்த நெனச்சுப் பாருங்க."

அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இரு நாட்டு அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில் அத்தான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி மொண்டார்கள், இரண்டு கணக்கும் அவர்கள் சொன்ன அளவிலேயே வந்தன. ஃபேக்டரிக்குப் பூட்டு, அத்தானுக்கு மெமோ. மகள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். "சொந்த மாப்பிள்ள வயித்துல அடிச்சுட்டாரு" என்று என்னிடம் பொரிந்தாள்.

ஃபேக்டரி ஆட்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் கையில் தாளோடு வந்தான். மகள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"மாமா, டாக்டர் என்னென்னமோ சொல்றாரு. ஈயக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். இது எவ்வளவு மோசம்?"

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம்தான் அதிகம். சரியாயிடும் மாப்பிள்ள."

தாளை மடித்து வைத்துவிட்டு, மருமகனுக்குத் தண்ணீர் கொடுக்க டம்ளரை அலசினார்; மூன்று தடவை தாண்டியும் அலசிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துவிட்டு மகள் ஓடிவந்தாள். "அப்பா" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.