தத்துப்பூச்சியின் பச்சை

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், அந்துருண்டை வாடை அடிக்கும் சின்ன அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பூச்சிகளை வரைபவரை எல்லாரும் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குண்டூசியில் குத்திய பூச்சி இடது பக்கம், தூரிகை வலது பக்கம், நடுவில் பூதக்கண்ணாடி. காலில் இருக்கும் முள்ளைக்கூட எண்ணித்தான் வரைவார். ஒரு முள் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

பூச்சிப் புத்தகம் ஒன்று அச்சுக்குப் போகவிருந்தது. நாற்பது படங்களில் கடைசி, ஒரு தத்துப்பூச்சி. மேல்நோக்கி வளைந்த நீளமான சிவப்பு மூக்கு, வைக்கோல் நிற இறக்கை. நிறத்தில் தப்பு வந்தால் இனிப் புகைப்படக்காரரை வைத்துக்கொள்வதாக அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். வேலை போவதைவிடக் கேமராவிடம் தோற்பதுதான் படக்காரம்மாவுக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பூங்காவில் மரக்கிளை வெட்டும் வேலை பார்க்கும் அவருடைய வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சருகு மாதிரி? எங்க பூங்கா பழமரத்துல இருக்கறது பச்சைப்பசேல்னு இருக்கும். குதிச்சா உள்ள மஞ்சள் இறக்கை தெரியும்."

"இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல?"

"பூச்சியில உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

படக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்த பூச்சிக்குச் சாயம் போகும் என்று தெரியும். எவ்வளவு போயிருக்கும் என்று ஒருநாளும் வெளியே போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பூங்காவில், கிளை வெட்டும் வண்டியின் மேலே தூக்கும் தொட்டியில் மனைவியை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார் வீட்டுக்காரர். நாற்காலிமேல் நின்றாலே தலை சுற்றும் மனுஷி. கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே போனார்.

"இப்ப கண்ணைத் திற. அசையாதே."

கையெட்டும் தூரத்தில் ஏழெட்டுப் பூச்சிகள் பட்டையில் ஒட்டி உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தன. தளிருக்குச் சவால் விடும் பச்சை, அதில் மஞ்சள் வட்டங்கள். அவை பீச்சிய இனிப்புநீர் படக்காரம்மா வரையக் கொண்டுவந்த காகிதத்தில் பிசுபிசுத்தது. கீழ்க்கிளையில் எறும்புகள் அதற்காகவே காத்துக் கிடந்தன. திடீரென்று ஒன்று குதித்தது. ஒரு நொடி மஞ்சளும் கறுப்புமாக விரிந்து, அடுத்த கிளையில் மறுபடி பச்சையாகிவிட்டது.

படக்காரம்மா அழுதுவிட்டார். பயந்துவிட்டாளோ என்று வீட்டுக்காரர் தொட்டியை இறக்கப் போனார்.

"இருக்கட்டுங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

மத்தியானம் அதிகாரி புதுப் படத்தையும் குண்டூசிப் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறம் ஒத்துப் போகலையே?"

"அது செத்துப்போச்சு சார். நான் உயிரோட பாத்துட்டு வந்து வரைஞ்சிருக்கேன்."

"அப்போ மத்த முப்பத்தொன்பது படம்?"

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். படக்காரம்மா உண்மையைச் சொன்னார். "அதுவும் தப்பா இருக்கலாம் சார். ஒவ்வொண்ணா போய்ப் பாக்கணும். டைம் குடுங்க."

அதிகாரி படக்கட்டை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்தார். "மூணு மாசம். கேமராக்காரர் செத்த பூச்சியைத்தான் எடுத்திருப்பார், இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டார்."

படக்காரம்மா நேராகப் பூங்காவுக்குத்தான் நடந்தார். வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மத்த முப்பத்தொன்பதும் சந்தேகம்னு ஆயிடுச்சு. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

"ஐயையோ, என்னாலயா?"

"ஆமாங்க, உங்களாலதான். அதான் நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."