வாசலுக்கு ஒரு சாய்தளம்

என் மனைவிக்கு இடுப்பு எலும்பில் பிளேட் வைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விழுந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான் என்றார். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் உயரமான கல்படி ஒன்று உண்டு. சக்கர நாற்காலி ஏறாது. அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிட்டுத் தூக்கி வைத்துவிடலாம் என்றேன். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிண்டு போறதெல்லாம் உயிர் போனப்புறம் வச்சுக்கோங்கோ. இப்ப வேண்டாம், கேட்டேளா."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. படிமேல் மரத்தில் சாய்தளம் போடத் தச்சர் பத்து நாள் கேட்டார். எனக்கோ பல்பு மாட்டக்கூட வராது. ஆபீஸில் ஃபைலைத் தவிர எதையும் தொட்டதில்லை. புதியவர்களும் போய் மெஷினில் வேலை செய்யலாம் என்று ஒரு பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். அங்கே பொறுப்பில் இருந்தவள் ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுப் பெண். லேசர் அளவுகோல் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"எங்க தொடங்கணும், எங்க முடியணும், அது ரெண்டும் குடுத்தா மதி, அது போதும் சாரே. பாக்கி மெஷின் பாத்துக்கும்."

வீட்டுக்குப் போய்த் தரையிலிருந்து படி வரை அளந்து வந்தேன். அளவைப் போட்டதும் ஃபோனே படம் வரைந்தது. அதன்படி பிளைவுட்டை வெட்ட, திரை வைத்த ஒரு கைமெஷின். கை கொஞ்சம் விலகினால் உள்ளே கத்தி தானே நகர்ந்து கோட்டைப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப விலகினால் மேலே தூக்கிக்கொள்ளும். எல்லாம் சரி, எனக்கு முதுகு முழுக்க வேர்வை. பலகை கெட்டால் வேறு பலகை இல்லை, ஞாயிறு பட்டறையும் இல்லை. சாயங்காலம் எல்லாம் பொருந்தி நின்றபோது அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தேன். அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் போட்டு, பத்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை வண்டி டிரைவர் கூடவே நடந்து வர, நான் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளினேன். சாய்தளம் முடியும் இடத்தில் முன்சக்கரங்கள் டக்கென்று முட்டி நின்றன. எதிரே மூன்று அங்குல உயரத்துக்கு நிலைப்படி.

பிறந்ததிலிருந்து நிலைப்படியில் கால் வைத்தவனில்லை. வைத்தால் வீட்டில் அடி விழும். தாண்டித்தான் பழக்கம். அளக்கும்போதும் கால் வைக்கிற கல்லைத்தான் அளந்திருக்கிறேன். நடந்து பார்த்த பத்து தடவையும் தாண்டியே போயிருக்கிறேன். என் தலையில் இல்லாத நிலைப்படி மெஷினுக்கு எப்படித் தெரியும்?

நாற்காலி பின்னால் சரியப் பார்த்தது. "எதிர்வீட்டு ஆள்களை விளிக்கட்டுமா சாரே?" என்றார் டிரைவர். "வேண்டாம்" என்றாள் அவள், திரும்பாமலே.

டிரைவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு, சுவரோரமாக நுழைந்து முன்னே வந்து, நிலைப்படியின் மேலேயே ஏறி நின்றேன். குனிந்து சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு குலுக்கல். அவள் முகம் வெளுத்தது. நாற்காலி கூடத்துக்குள் வந்துவிட்டது.

டிரைவர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பது போல அளவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஃபோட்டோ அனுப்பினேளே, அதுலயே பாத்தேன். நிலைப்படி துருத்திண்டு நின்னுது."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொன்னா நாலு பேரைக் கூப்பிடுவேள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் என் கையை விடவில்லை.