அரசர் காணியும் அப்பாவின் மூன்று ஏக்கரும்

பெர்லினில் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அப்பாவுக்கு எங்கள் நாட்டுத் தூதரகத்தில் டெர்மின், முன்பே பதிந்து வைத்த நேரம். அதற்காக இரண்டு நாள் லீவு எடுத்தேன். தூதரக வேலைக்கு ஒரு நாள் போதும். மற்ற நாள் எனக்கு. பெர்லினுக்குக் கிழக்கே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில், ஆறு வருடமாக நான் பார்க்கத் துடித்த இடம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் வந்தேன்.

இடத்தின் பெயர் ஓடர்புருக். ஓடர் ஆற்றோரத்தில் முன்பு வெறும் சதுப்பாகக் கிடந்த பூமி. இருநூற்றைம்பது வருடங்களுக்கும் முன்பு பிரஷ்ய அரசர் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். எங்கெங்கோ இருந்து ஆட்களைக் கூப்பிட்டு, துண்டு துண்டாகக் காணி கொடுத்து, கையில் பத்திரமும் கொடுத்துக் குடியேற்றினார். ஒரே மாதிரி வீடுகள், ஒரே நேர்த் தெரு, பின்னால் நீள நீளமாய் வயல். வரைபடத்தில் பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சீப்புகள் மேல் பைத்தியம். பதினெட்டு வயதில் இணையத்தில் ஒரு பழைய வரைபடம் கண்ணில் பட்டதில் தொடங்கியது. பழைய ஜெர்மன் கையெழுத்தை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வீடியோ பார்த்து, பிழை விட்டு, நானே பழகினேன். பகலில் மருந்துக்கடையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, மாலையில் அரசரின் எழுத்தர்கள்.

அப்பாவின் டெர்மினும் காணிக்காகத்தான். 1975இல், அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, ஊரில், விசுவமடுவில், படித்த பெடியளுக்குக் காட்டுக் காணி பிரித்துக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மூன்று ஏக்கர். அதற்குக் கொடுத்த பெர்மிட்டில் 'முடிக்குரிய காணி' என்ற பழைய அச்சை அடித்துவிட்டு மேலே 'அரச' என்று பேனாவால் எழுதியிருக்கும். மிளகாய் நட்டார், பத்து வருடம் இருந்தார், பிறகு ஜெர்மனிக்கு வந்துவிட்டார். சண்டைக்குப் பிறகு அந்த மண்ணைத் திரும்பத் துப்புரவாக்கிப் பயிர் செய்வது அவருடைய தங்கச்சி மகள் சுமதி மச்சாள். இப்போது அங்கிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதி, தூதரகத்தில் அவர்கள் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு வரி. ஒரே ஒரு பெயர். மற்ற எல்லாம் நிரப்பியாகிவிட்டது, அந்த வரியைத் தவிர.

நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. அந்த வரியில் என் பெயர் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதைவிட ஏங்கினேன் என்று சொல்லலாம். வேறு யாருக்கோ அரசர் கொடுத்த காணிகளை வருடக்கணக்காக வரைந்த எனக்கு, சொந்தமாக ஒரு சீப்புப் பல். ஆனால் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

நாங்கள் இருக்கும் வுப்பர்டாலிலிருந்து காலை 6.14 ரயில். முன்கூட்டியே எடுத்ததால் இரண்டு பேருக்கும் 71 யூரோ 80. பத்தரைக்குப் பெர்லின். அங்கிருந்து ஓஸ்ட்குரொய்ஸ் போய்ச் சிறிய ரயில் பிடித்து, ஒரு மணி நேரத்தில் சேலோ-குசோவில் இறங்கினோம். டொய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் இருந்தால் இந்தப் பகுதிக்குத் தனிக் காசு இல்லை. வயலுக்கு நடுவே ஸ்டேஷன், ஒரு டாக்சி. பதினான்கு கிலோமீட்டருக்கு 31 யூரோ.

டாக்சிக்காரர் எதைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டார். வாய்க்கால் என்றேன்.

"வாய்க்கால் பார்க்க வுப்பர்டாலில் இருந்தா? உங்கள் ஊரில் ரயில் தலைகீழாகத் தொங்குதே, அதை விட்டுவிட்டா?"

"அதைத் தினமும் பார்க்கிறோம்."

"நானும் வாய்க்காலைத் தினமும் பார்க்கிறேன். வேண்டுமானால் மாற்றிக்கொள்வோம்."

அப்பா சிரித்தார். வீட்டிலிருந்து புறப்பட்ட பிறகு முதல் சிரிப்பு. பிறகு ஜன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு, நேர்கோட்டில் ஓடும் தண்ணீரையும் ஒரே அளவு வீடுகளையும் பார்த்தார்.

"இதுவும் ஸ்கீம்தான் பிள்ளை, விசுவமடு மாதிரி."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"ஒராளின்ரை வளவு மற்றாளின்ரையை விடப் பெரிசில்லை. தானாய் வந்த ஊரெண்டால் அப்பிடி இருக்காது."

நாங்கள் போன ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டுக்காரி வேண்டாம் என்றார். அவர் பெயர் ஹில்டெ, எண்பது தாண்டியவர், தனியே இருக்கிறார். போன வருடம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நான் இருக்கும் இணைய வரைபடக் குழு ஒன்றில் ஒரு படம் போட்டு, இதை யாராவது வாசித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். ஹில்டெயின் குடும்பத்துக்கு அரசர் கொடுத்த பத்திரம். மூன்று வாரம் இருந்து வாசித்துக் கொடுத்தேன். அதற்கு நன்றியாகத்தான் இந்த அழைப்பு.

மேசையில் கேக், கோப்பி, நடுவே கண்ணாடிக்குள் பத்திரம். முன்பக்கம் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்: பத்து மோர்கன் காணி, ஆறு ஏக்கருக்குக் கிட்ட. பிள்ளைகளுக்குள் பிரிக்கக்கூடாது. ஒருவருக்கே போகவேண்டும். அவர் அங்கேயே இருந்து பயிரிடவேண்டும். இல்லாவிட்டால் அரசர் திருப்பி எடுப்பார்.

"எங்கடை பெர்மிட்டிலையும் இதுதானே கிடக்கு," என்றார் அப்பா. "சீட்டுக் குலுக்கியோ குடுத்தவை எண்டு கேள்."

கேட்டேன். ஆமாம், குலுக்கித்தான் என்றார் ஹில்டெ. அப்பா கையை நெஞ்சில் வைத்து, தன் ஜெர்மனில், "எனக்கு நாற்பத்தேழாம் துண்டு," என்றார். ஹில்டெ அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, படத்தில் நான் பார்த்தேயிராத பின்பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்பது பெயர்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்று, ஒன்பது கையெழுத்தில். காணி யார் யாருக்குப் போனதென்ற வரிசை. அதை எழுதியது கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது: காணி கிடைக்காத பிள்ளைதான் கிடைத்த பிள்ளையின் பெயரை எழுத வேண்டும். பிறகு யாரும் வந்து எனக்குத் தெரியாது என்று சொல்ல ஏலாதல்லவா.

கடைசிப் பெயர் ஹில்டெயின் அண்ணனுடையது. எழுதியவர் ஹில்டெ, 1968இல், தகப்பன் இறந்த வாரம். அப்போது வயல் எட்டு வருடமாகக் கூட்டுப் பண்ணையிடம். அண்ணன் பெர்லின் மதில் எழுமுன்பே மேற்கே போய்விட்டார். இல்லாத நிலம், இல்லாத ஆள்.

"அப்படியிருக்க ஏன் எழுதினீர்கள்?"

"கிடைக்காதவள் நான்தானே. வேறு யார் எழுதுவது?"

"கோபம் வரவில்லையா?"

"வராமலா? தொட்டுப் பாருங்கள்."

அப்பா பெருவிரலால் தடவினார். மற்ற எட்டுப் பெயரும் வழுவழுப்பு. ஒன்பதாவது தாளைக் குழித்திருந்தது.

ஹில்டெ அந்தப் பண்ணையிலேயே மாடு கறந்து வேலை செய்திருக்கிறார். கிழக்கும் மேற்கும் சேர்ந்த பிறகு காணி அண்ணன் பேருக்குத் திரும்பி வந்தது. அவர் இரண்டு நாள் வந்து நின்று, வயலைக் குத்தகைக்கு விட்டு, வீட்டைத் தங்கச்சிக்கு விட்டுப் போனார். "சமைக்கும்போது குசினி ஜன்னலால் கடைசி வாய்க்கால் வரை தெரியும்," என்றார் ஹில்டெ. "பார்ப்பதற்கு இதுவரை யாரும் வாடகை கேட்கவில்லை."

நான் போய் அந்த ஜன்னலில் நின்றேன். ஆறு வருடமாகத் திரையில் பார்த்த கோடு, அங்கே பச்சைக் கோதுமையாக நின்றது. போன் எடுத்தேன், படம் எடுக்கவில்லை.

 திரும்பும் ரயிலில், மியூன்செபெர்க் ஸ்டேஷன் தாண்டிய பிறகு, அப்பா கேட்டார்.

"நீ அங்கை போய் இருப்பியே?"

"எங்கை?"

"விசுவமடுவிலை."

ஓம் என்று வாய்வரை வந்தது. அவுஸ்பில்டுங் முடிய ஒரு வருடம். அதன்பிறகு? மிளகாய்க் கன்று எவ்வளவு இடைவெளியில் நடுவது என்றுகூட எனக்குத் தெரியாது.

"லீவிலை போவன்," என்றேன்.

அப்பா தலையாட்டினார். ஜன்னலைப் பார்த்தார்.

இரவு பெர்லினில் தங்கி, அடுத்த நாள் பத்து மணிக்கே தூதரகத்தில் இருந்தோம். அப்பா பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்து என் மடியில் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"நீ எழுது பிள்ளை."

"என்ன பேர்?"

"நீ எதை எழுதினாலும் நான் கையெழுத்து வைப்பன். நேற்று முழுக்க யோசிச்சனான். எனக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு."

எதிர்ச் சுவரில் மணிக்கூடு 10.17. என் பெயரை எழுதியிருக்கலாம். மூன்று எழுத்து, அவ்வளவுதான். அந்த வரியை விரலால் ஒருமுறை அளந்தேன். பிறகு சுமதி மச்சாளின் முழுப் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடி, தகப்பன் பெயரோடு எழுதினேன். அழுத்தித்தான் எழுதினேன். அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது. அப்பா வாசித்தார், தாளைத் திருப்பிப் பெருவிரலால் தடவினார். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஓடர்புருக் போக ஏப்ரல் கடைசி நல்லது. மழைக்குப் பிறகு போனால் வயல் பாதைச் சேற்றில் சப்பாத்து மாட்டிக்கொள்ளும். திரும்பும் டாக்சியை இறங்கும்போதே பேசி வையுங்கள், தெருவில் கிடைக்காது. சைக்கிள் ஓடக்கூடியவர்கள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம், மேடே இல்லை. சாப்பாட்டுக் கடையை நம்பவேண்டாம். நாங்கள் கொண்டுபோன இடியப்பமும் சம்பலும் ஸ்டேஷன் வாங்கில் இருந்து சாப்பிட்டே முடிந்தது. பழைய பத்திரம் யாராவது காட்டினால், பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை.

விசுவமடுக் காணியை நான் வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நாற்பத்தேழாம் துண்டு, வாய்க்காலுக்கு மேற்கே. படிவத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, தபால் கந்தோர் வாசலில் நின்று மச்சாளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை. உங்கடை குசினியிலை நிண்டால் காணி தெரியுமோ என்று மட்டும் கேட்டேன்.

வுப்பர்டாலில் இறங்கும்போது பதில் வந்திருந்தது.

"ஓமடி, வாய்க்கால் வரைக்கும் தெரியும். ஏன் கேக்கிறாய்? வந்து பாரன்."