மஞ்சள் தடவிய மனு

எம்.எல்.ஏ.வைப் பிடிக்க ஆபீசுக்குப் போகக் கூடாது, கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது மெஸ் அக்காதான். எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அக்காவின் மெஸ். நாங்கள் தட்டுகிற தட்டில் அவருடைய சாம்பார் கொதிக்க மறுக்கிறது என்று தினமும் ஒரு சண்டை.

அந்த மெஸ்ஸில் மாவாட்டவும் தண்ணீர் எடுக்கவும் ஒரு இளம் புருஷன் பெண்டாட்டி வந்து சேர்ந்தார்கள். கல்குவாரியிலிருந்து ஓடி வந்தவர்கள். என்றோ வாங்கிய முன்பணத்துக்காக இருவரும் வருடக்கணக்கில் அங்கே கல் உடைத்திருந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குவாரி முதலாளிக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை போலும். ஓடியவர்களைப் பிடித்துத் தரச் சொல்லிப் போலீசில் எழுதிக்கொடுத்தார். போலீசும் வந்து, "திங்கக்கெழம ரெண்டு பேரையும் இட்டாந்து வுடு, இல்லன்னா மெஸ்ஸுக்குப் பூட்டு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனது. எனக்கு ரத்தம் கொதித்தது. திருடன் ஓடினால் பிடிக்கலாம், திருட்டுக் கொடுத்தவன் ஓடினாலுமா பிடிப்பார்கள்?

மனுவை நானே டைப் அடித்தேன். 'மாண்புமிகு' என்பது மந்திரிக்குத்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருக்குமே என்று எம்.எல்.ஏ.வுக்கும் போட்டுவைத்தேன். இந்த இருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது, ஓடி வந்தவர்களைப் பிடித்து முதலாளியிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. தெருவே கையெழுத்துப் போட்டது. சைக்கிள் கடைக்காரர் இரண்டு தடவை போட்டார். இரண்டாவதுதான் அழகாக வந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் எம்.எல்.ஏ. தலைமையில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது அக்கா மனுவை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"கல்யாண ஊட்டுக்கு வெறுங்காயிதமா எடுத்துக்கினு போவாங்க? அதுவும் போலீசு, அடிமைன்னு எழுதிக்கினு. பொண்ணு மாப்புளைக்கு ஆவுமா டீச்சரு?"

மெஸ் மஞ்சள்தூளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினார். அதற்குப் பிறகுதான் பஸ் ஏற விட்டார். தனியாக விடப் பயந்து அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். மண்டபத்துக்குள் வரமாட்டோம் என்று அவர்கள் வாசலுக்கு வெளியே, ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய மரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

அவர்கள் உள்ளே வராததும் நல்லவேளை என்று நினைத்தேன். முன்வரிசையில் எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே குவாரி முதலாளி, பட்டு வேட்டியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு தமிழ் வாத்தியார் வாழ்த்து மடல்களை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேறியபோது, பேட்ஜ் குத்திய ஒருவர் மஞ்சள் மூலையைப் பார்த்தார்.

"வாழ்த்தா? குடுங்க, ஜல்தியா படிச்சிடலாம்."

வாழ்த்து இல்லை என்று நான் கத்தியது ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. காகிதம் கைமாறி மைக்குக்குப் போய்விட்டது.

வாத்தியார், கண் படிப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கிற ரகம். "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு" என்றதும் கைதட்டல். எம்.எல்.ஏ.வுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஓடி வந்துவிட்ட இந்தத் தம்பதியர்" என்றதும் மண்டபமே மணப்பெண்ணைப் பார்த்தது. பெண்ணின் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "கல்குவாரியிலிருந்து" என்று வந்த பிறகுதான் உட்கார்ந்தார். வாத்தியாருக்கு விஷயம் புரிந்து குரல் கம்மியது. ஆனால் வாழ்த்தைப் பாதியில் நிறுத்தினால் அபசகுனமாயிற்றே. வியர்க்க வியர்க்க, குவாரியில் அவர்களை அடித்ததையும் கட்டிவைத்ததையும் ஒன்று விடாமல் படித்து முடித்து, பழக்க தோஷத்தில், "இத்தம்பதியர் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்றும் சேர்த்துவிட்டார்.

இப்போது எல்லார் கண்ணும் முன்வரிசை நாற்காலிகள் இரண்டின் மேல். எம்.எல்.ஏ. எழுந்து மைக்கை வாங்கினார். வேறென்ன செய்வார் மனிதர்.

"அவங்கள யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. நானே ஸ்டேஷன்ல சொல்றேன். சட்டமன்றத்துலயும் கேக்கறேன்."

கைதட்டலில் குவாரி முதலாளியும் தட்ட வேண்டியதாயிற்று. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டமன்றத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை மெஸ்ஸுக்கு ஒரு ஏட்டு வந்தார், இட்லி சாப்பிட்டார், போய்விட்டார்.

கல்யாணத்தன்று நாங்கள் வெளியே ஓடி வந்தபோது, குழாய்க்குக் கீழே அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள். புருஷன் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

"பயப்படாத, அனுப்ப மாட்டாங்களாம்" என்றேன்.

"கேட்டுதுங்க டீச்சர். அதுக்கு அழுவல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கண்ணாலத்துக்கு வாங்கின அட்வான்சுதாங்க அது. தாலி கட்டின மறுநாளே குவாரி லாரி வந்து ஏத்திக்கினு போய்டுச்சி. வாழ்கன்னு ஒருத்தரும் சொல்லல. இன்னிக்குத்தான் சொன்னாங்க."

அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"வாழ்த்து படிச்சாச்சி இல்ல? அப்ப வா, ரெண்டு பேரும் பந்தியில உக்காருங்க."